மணல்ல ஆனா ஆவன்னா எழுதின ஐயர்

எல்லாருக்கும் வணக்கங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணாங்கிளாஸ் டீச்சரா இருந்தவ. பிள்ளைங்க கையப் புடிச்சு ஆனா போட வைக்கிறதுதான் என் வேலை, அதுல அலுப்புன்னு ஒரு நாள் கூட தோணினதில்ல. அதனாலதான் தரங்கம்பாடி சீகன்பால்கு ஐயரப் பத்திப் பேசுங்கன்னு வானொலி நிலையத்துலேருந்து கேட்டதும் உடனே சரின்னுட்டேன். ஐயர்னா, லுத்தரன்ங்கிற கிறிஸ்தவ சபையில போதகர எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம், தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மனிக்காரர், 1682ல புல்ஸ்னிட்ஸ்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தவர். கிறிஸ்தவ மதத்தப் போதிக்கிறதுக்காக டென்மார்க் ராஜா நாலாம் பிரெடரிக் அனுப்பி வச்சு, கூட்டாளி புளூட்சோவோட 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடில வந்து எறங்கினார். அன்னிக்கு அவருக்கு வயசு இருபத்தி மூணு, மறுநாள் இருபத்தி நாலு. அந்த ஊர் அப்போ டென்மார்க்கோட வியாபாரக் கம்பெனி கையில இருந்துச்சு, கோட்டைக்காரங்க இவங்கள வாங்கன்னு கூட மனசாரச் சொல்லல. தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது, தெரிஞ்சுக்க ஒரு புஸ்தகமும் கையில கெடையாது.

இங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் வருது, இத மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன். திண்ணைப் பள்ளிக்கூடம்னா உங்க தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க, மணலப் பரப்பி வெரலால எழுதி, வாய் விட்டுக் கத்திச் சொல்லி, அழிச்சு, மறுபடி எழுதுறது. அப்படிப் பள்ளிக்கூடம் நடத்திக்கிட்டிருந்த எழுபது வயசு வாத்தியார் ஒருத்தர இவர் தேடிப் புடிச்சு, பள்ளிக்கூடத்த எங்க வீட்டுலயே வச்சு நடத்துங்கன்னு கேட்டுக்கிட்டார். வாத்தியாரும் பிள்ளைங்களும் வந்தாங்க. இவர் என்ன பண்ணினார்னா, அந்தச் சின்னப் பசங்களோட பசங்களா தரையில ஒக்காந்து மணல்ல எழுத ஆரம்பிச்சுட்டார். பெரிய யுனிவர்சிட்டி ஊரான ஹாலேல படிச்சவர், ராஜா அனுப்பின ஆளு, கால மடக்கி ஒக்காந்து ஆனா ஆவன்னா! யோசிச்சுப் பாருங்க, பக்கத்துல இருக்குற அஞ்சு வயசுப் பையன் இவர விட நல்லா எழுதியிருப்பான், தப்பா போட்டா சிரிச்சிருப்பான். என் கிளாஸ்ல நான் பாத்தத வச்சு சொல்றேன், பிள்ளைங்க சிரிக்காம விட மாட்டாங்க.

எழுத்து வந்துடுச்சு, ஆனா அர்த்தம் வரல. அப்போ கடற்கரை ஊருங்கள்ல வெள்ளக்காரங்க கூடப் பேசப் புழங்கின போர்ச்சுகீசு வாத்தியாருக்குத் தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. அப்புறம்தான் பல ஐரோப்பிய பாஷை பேசத் தெரிஞ்ச அழகப்பன்ங்கிறவர் வந்து சேந்தார். அதுக்கப்புறம் பாருங்க வேகத்த, ஓலைச்சுவடியா வாங்கிச் சேக்குறார், எழுத்தர்கள வச்சு நகல் எடுக்குறார், 1708லயே நூத்துக்கும் மேல தமிழ் நூல்களுக்குக் குறிப்போட பட்டியல் போட்டுட்டார். அதே வருஷம் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூணையும் ஜெர்மன்ல மொழிபெயர்க்குறார். கொன்றைவேந்தனுங்க, நம்ம வீட்டுப் பிள்ளைங்க ஒப்பிக்குற கொன்றைவேந்தன்! ஊருக்கு வந்து ரெண்டே வருஷத்துல.

அதாவது மொதல்ல அவர் மாணவர். அப்புறம்தான் வாத்தியார். 1707லயே பள்ளிக்கூடம் தொறந்துட்டார், பொம்பளப் பிள்ளைங்களுக்கும் சேத்து. சும்மா படிங்கன்னு சொல்லல, சோறும் துணியும் குடுத்துப் படிக்க வச்சாங்க. பசிச்ச வயித்துக்கு எழுத்து ஏறாதுங்கிறது ஒண்ணாங்கிளாஸ் எடுத்த எல்லாருக்கும் தெரியும்.

கஷ்டமும் சும்மா இல்லீங்க. ஒரு விதவையோட கடன் விவகாரத்துல அந்தம்மா பக்கம் பேசினதுல தகராறு முத்தி, கோட்டைத் தளபதி ஹாசியஸ் இவரப் புடிச்சு நாலு மாசம் தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டையில அடைச்சு வச்சார். அடைச்சது இவர அனுப்பின டென்மார்க் ஆளுங்களேதான், அத நெனச்சா எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கும்.

அச்சு மிஷின் கதையும் சொல்லியே ஆகணும். லண்டன்லேருந்து ஒரு சங்கம் அச்சு மிஷின் அனுப்பினாங்க, கப்பல பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரங்க புடிச்சுட்டாங்க, தப்பிச்சு வர்ற வழியில கூட வந்த அச்சுக்காரர் எறந்துட்டார், மிஷின் மட்டும் மெட்ராஸ் வந்து சேந்துச்சு. ஹாலேலேருந்து வந்த தமிழ் எழுத்து அச்சு ரொம்பப் பெருசு. பைபிள் அடிச்சா பேப்பர் எங்க போதும்? அப்போ ஆட்லர்ங்கிறவர், இங்கிலாந்துலேருந்து சீஸ் வந்த டப்பா மூடியில இருந்த ஈயத்த உருக்கிச் சின்ன எழுத்தா வார்த்தார். அந்த எழுத்துலயும் அச்சாகித்தான் 1715ல தமிழ் புதிய ஏற்பாடு முழுசா வந்துச்சு. பேப்பருக்குப் பக்கத்துல பொறையார்ல ஆலையே போட்டாங்க.

நடுவுல அவர் ஐரோப்பா போயிட்டு வந்தது, அங்க 1716ல லத்தீன்ல தமிழ் இலக்கணம் அச்சடிச்சது, மரியா டோரத்தியாவக் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்தது, இங்க உபதேசியாருங்கள, அதாவது சபையில போதிக்கிற ஆளுங்கள, உருவாக்க ஒரு செமினரி ஆரம்பிச்சது, இதெல்லாம் விரிவா சொல்லணும்னு குறிச்சு வச்சிருந்தேன். தமிழ் மக்கள் எழுதின கடிதங்கள ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து அனுப்பினாரே, அதுக்கே தனியா ஒரு நாள் வேணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க, அதனால கடைசியச் சொல்லிடுறேன்.

1718ல புது எருசலேம் கோயிலக் கட்டி முடிச்சார். இன்னிக்கும் தரங்கம்பாடில ராஜா வீதியில இருக்கு, போனா பாருங்க. ஆனா அந்த நேரத்துல இந்த மதப் பணிக்கு, அதாவது மிஷனுக்குப் பொறுப்பா கோபன்ஹேகன்ல இருந்த செயலாளர் வெண்ட்ங்கிறவருக்கு, பள்ளிக்கூடம் கோயில்னு கட்டடம் கட்டுறதே புடிக்கல, இயேசுவோட சீடர்களான அப்போஸ்தலர்கள் மாதிரி ஒண்ணுமில்லாம நடந்து போய்ச் சொன்னா போதாதான்னு கடுமையா எழுதினார். ஏற்கெனவே ஒடம்பு முடியாம கெடந்த மனுஷனுக்கு அந்த எழுத்து எப்படி இருந்திருக்கும்? சோறு போட்டுப் படிக்க வச்ச பிள்ளைங்கள எங்க கொண்டு விடச் சொல்றாங்க?

1719 பிப்ரவரி 23ஆம் தேதி எறந்துட்டார். முப்பத்தாறு வயசு. கூட இருந்தவங்களப் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டுக்கிட்டே கண்ண மூடினார்னு எழுதி வச்சிருக்காங்க. தான் கட்டின கோயிலுக்குள்ளயே பலிபீடத்துப் பக்கத்துல அடக்கம் பண்ணியிருக்கு. பைபிளோட முதல் பகுதியான பழைய ஏற்பாட்ட, அதுல ரூத்ங்கிற புஸ்தகம் வரைக்கும்தான் மொழிபெயர்த்திருந்தார், மிச்சத்த அவருக்குப் பின்னால வந்த ஷூல்ட்ஸ் முடிச்சார். நேரம் முடிஞ்சுடுச்சு, கேட்ட எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.