2,500 ரூபாய்க்குள் வீட்டு ஜிம்: தண்டையார்பேட்டை ஒற்றை அறையில்

வணக்கம் மக்களே! வட சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓர் இடம் தெரிகிறதா? ஆறடி நீளம், நாலடி அகலம். என் ஜிம் அதுதான். ராத்திரி அங்கே பாய் விரித்துப் படுக்கிறோம், காலையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அதே இடத்தில் எடை தூக்குகிறேன். மொத்தச் செலவு 2,500 ரூபாய்க்குள். எங்கள் பக்கம் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குகிற ஜிம்மில் மூன்று மாதம் கட்டினாலே அந்தப் பணம் போய்விடும். இரும்பு வாங்கிப் போட்டால் என் பெண் பெரியவளாகி அவளும் தூக்கலாம்.

நிறைய அக்காமார் கேட்கிற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். "நாங்கதான் தினமும் குடம் தூக்குறோமே, அப்புறம் எதுக்குத் தனியா எக்சர்சைஸ்?" நியாயமான கேள்வி. லாரித் தண்ணீர் வந்ததும் 15 லிட்டர் குடத்தை இடுப்பில் வைத்து இரண்டு மாடி ஏறுகிறவர்களைப் பலமில்லாதவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆக அந்தக் குடத்தில் 15 கிலோ இருக்கிறது. ஆனால் அந்தச் சுமை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அதே 15 கிலோதான். உடம்பு அதற்குப் பழகுகிற வரைக்கும் பலம் ஏறும், பழகிவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அப்புறம், குடம் பெரும்பாலும் ஒரே இடுப்பில்தான் உட்காருகிறது. உடம்பு எதிர்ப்பக்கம் வளைந்து கொடுக்கிறது, அந்த வளைவை முதுகு தாங்குகிறது. தலைக்கு மேல் நேராகத் தூக்குவதும், நம் பக்கமாக இழுப்பதும் குடம் தூக்குவதில் அதிகம் வராது.

தசையும் எலும்பும் வலுவாக வேண்டுமென்றால் சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: இதில் எடையை ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கூட்ட முடியுமா? முடியுமென்றால் காசு கொடுக்கலாம். முடியாதென்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

முதல் மாதம் கையில் இருக்கிற காசை எடுக்கவே எடுக்காதீர்கள். வீட்டிலேயே எடை இருக்கிறது. மூடி இறுக்கமான 5 லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நிரப்பினால் இரண்டரை கிலோ, முழுக்க நிரப்பினால் 5 கிலோ. அளவு டம்ளரால் ஊற்றி, கேனின் வெளிப்பக்கம் லிட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்துவிட்டால் துல்லியமான டம்பெல் கிடைத்துவிட்டது. 5 கிலோ சுலபமாகிவிட்டால் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காய்ந்த மணல் போடுங்கள். மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ, அதே கேன் 8 கிலோவாகிவிடும். காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மணல் காயவே காயாது. வீடு கட்டுகிற இடத்தில் கேட்டால் ஒரு பக்கெட் எம்-சாண்ட் கொடுப்பார்கள்.

குடிக்கிற தண்ணீர் வருகிற 20 லிட்டர் கேனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கும் இடுப்புக்கும் முழு வேலை. நம் தாத்தாக்கள் போட்ட பஸ்கிதான் அது, சுமையோடு செய்கிறோம். அரிசி மூட்டையும் நல்ல எடை. 25 கிலோ வரைக்கும் உள்ள பாக்கெட் அரிசிக்கு 2022-இல் வரி வந்த பிறகு 26 கிலோ மூட்டையாகவும் கட்டி விற்கிறார்கள், தூக்குவதற்கு முன்னால் மேலே அச்சடித்திருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் தொடர்ந்து செய்துவிட்டீர்களா? சரி, இப்போது காசு எடுக்கலாம். முதலில் போக வேண்டியது காயலான் கடைக்கு. ஜிம் வைத்திருப்பவர்கள் புதுச் சாமான் இறக்கும்போதும், கடையை மூடும்போதும் பழைய இரும்பு பிளேட்டெல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது. நான் 20 கிலோ வாங்கினேன், கிலோ 80 ரூபாய். 5 கிலோ பிளேட் இரண்டு, இரண்டரை கிலோ நாலு. சின்ன பிளேட்டுகள் நிறைய இருக்கிற மாதிரி வாங்குங்கள், எடை கூட்டுவதற்கு அதுதான் உதவும். 10 கிலோ பிளேட் இரண்டை வாங்கி வந்தால் ஒரேயடியாகத் தாவ வேண்டியிருக்கும், முட்டியும் தோளும் அதைத் தாங்காது.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பிளேட்டில் எழுதியிருக்கிற எடையை நம்பாமல் கடைக்காரர் தராசிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம், ஓர் ஆணியால் தட்டிப் பார்த்தால் நல்ல பிளேட் கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது மொத்தையாகக் கேட்கும். மூன்றாவதுதான் முக்கியம், நடுவில் இருக்கிற ஓட்டை. பெரிய ஜிம்களில் இருக்கிற ஒலிம்பிக் பிளேட்டுக்கு ஓட்டை 50 மில்லிமீட்டர். நம் ஊர் சாதாரண பிளேட்டுக்கு 28, 30 அந்த அளவில் இருக்கும். இரண்டையும் கலந்து வாங்கினால் ஒரே ராடில் ஏற்ற முடியாது. துரு மேலாகப் படிந்திருந்தால் பரவாயில்லை. கம்பி பிரஷ், உப்புத்தாள், அப்புறம் துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட் ஒரு கோட், அது போதும்.

புதுசாக வேண்டுமென்றால் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கம் வரிசையாக ஸ்போர்ட்ஸ் கடைகள் இருக்கின்றன, அல்லிக்குளம் வளாகத்துக்கும் போய்ப் பாருங்கள். பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அந்தக் கடைக்காரர்களுக்கு அங்கேதான் இடம் கொடுத்தார்கள். டம்பெல் ராடு ஒரு ஜோடி, நட்டோடு, நான் 400 ரூபாய்க்கு வாங்கினேன். மரை போட்ட ராடாக வாங்குங்கள். வெறும் கிளிப் போட்ட ராடைத் தலைக்கு மேல் தூக்கும்போது கிளிப் நழுவினால் பிளேட் நேராக முகத்தில்தான் விழும்.

பெரிய ராடு, அதாவது பார்பெல், வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. கம்பி கட்டுகிற அண்ணன்கள் எல்லாருக்கும் இது தெரியும். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 25 மில்லி கம்பியென்றால் 625-ஐ 162-ஆல் வகுக்க 3.86 கிலோ. ஐந்தடித் துண்டு கிட்டத்தட்ட 6 கிலோ. லேத் பட்டறையில் வழவழப்பான உருட்டுக் கம்பி கேளுங்கள், கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பி கையைக் கிழித்துவிடும். தண்ணீர்க் குழாய் மலிவாக இருக்கிறதே என்று சிலர் 1 அங்குல ஜி.ஐ. பைப் வாங்குகிறார்கள். அதற்கு வெளிவிட்டம் 33 மில்லிக்கு மேல் இருக்கும், பிளேட்டுக்குள் நுழையவே நுழையாது. முக்கால் அங்குல பைப் ஏறக்குறைய 27 மில்லி, நுழையும். ஆனால் உள்ளே வெற்றிடம், எடை ஏற ஏற வளைந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் அதில் நான் ஏற்ற மாட்டேன்.

இரும்புக்கும் காசில்லையா? சிமெண்டில் வார்க்கலாம். கான்கிரீட் லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ, ஆக 2 லிட்டர் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பா கிட்டத்தட்ட 5 கிலோ பிளேட் ஆகிவிடும். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சிப்ஸ் ஜல்லி. நடுவில் ஒரு பிவிசி பைப் துண்டை நிறுத்தி அதைச் சுற்றி ஊற்றுங்கள், பைப் உள்ளேயே இருக்கட்டும். எந்தப் பைப் என்பதை உங்கள் ராடைக் கடைக்கே கொண்டுபோய் நுழைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். உள்ளே ஒரு வளையம் கோழிவலை வைத்தால் சீக்கிரம் உடையாது. ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும், முழு பலம் வருவதற்கு 28 நாள் ஆகும். வெறும் கையால் கலக்காதீர்கள், சிமெண்ட் தோலை அரித்துவிடும்.

இப்போது நம் வீடுகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு அறை, கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875-இன்படி குடியிருப்பு அறையின் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ தாங்குகிற மாதிரியும், ஆள் நடமாடுகிற மொட்டை மாடியை 150 கிலோ தாங்குகிற மாதிரியும் கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். நாம் வைக்கிற 30, 40 கிலோ அதற்கு ஒன்றும் பெரிசில்லை. ஆபத்து, தூக்கியதைப் போடுவதில் இருக்கிறது. பழைய வாரியக் குடியிருப்புகளில் சீலிங் பூச்சு ஏற்கெனவே உப்பிப் போயிருக்கும், மேலே ஒரு பிளேட் தடாலென்று விழுந்தால் கீழே தொட்டிலில் தூங்குகிற குழந்தை மேல் காரை பெயர்ந்து விழலாம். அதனால் 300 ரூபாய் கொடுத்து ஒரு ரப்பர் விரிப்பு வாங்கினேன். இதில் எடை கூட்ட முடியாதுதான், ஆனாலும் கீழ்வீட்டு ஆயா நிம்மதியாகத் தூங்க வேண்டும். தூக்குவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறோமோ அதைவிட மெதுவாக இறக்குங்கள். சத்தமும் வராது, தசைக்கும் அந்த இறக்கத்தில் நிறைய வேலை இருக்கிறது.

ஃபேன் கொக்கியில் எதையும் கட்டித் தொங்காதீர்கள். சன்ஷேடைப் பிடித்துத் தொங்காதீர்கள். பால்கனிக் கம்பியிலும் வேண்டாம், கடல் காற்று அதன் அடியை எவ்வளவு தின்றிருக்கிறது என்று பெயிண்டுக்கு மேலே பார்த்தால் தெரியாது. தம்பிகளே, உங்களைத்தான் சொல்கிறேன். புல்-அப்ஸ் எடுக்க மாநகராட்சி விளையாட்டுத் திடலில் பார் இருந்தால் அங்கே போங்கள். வீட்டிலேயே இழுக்கிற பயிற்சி வேண்டுமென்றால் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேளுங்கள், பத்து இருபது ரூபாய்க்குத் தருவார்கள். வால்வை வெட்டி எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்து, ஜன்னல் கம்பியில் சுற்றாமல் கதவு நிலையில் பதித்த கனமான கீலில் மாட்டி இழுங்கள். ஒவ்வொரு முறையும் வெடிப்பு இருக்கிறதா என்று விரித்துப் பார்க்க வேண்டும், அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

நம் ஏரியா பாக்சிங் ஏரியா, அதனால் குத்திப் பழகுகிற பை பற்றியும் கேட்பீர்கள். பையில் மணல் நிரப்பாதீர்கள். மணல் அடியில் இறங்கிக் கல் மாதிரி ஆகிவிடும், மணிக்கட்டு போய்விடும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் டெய்லர் கடைகளில் வெட்டுத் துணி மூட்டையாகக் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்கி இறுக்கமாகத் திணியுங்கள்.

பெஞ்ச் வேண்டாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். தரையில் மல்லாந்து படுத்து டம்பெல்லை மேலே தள்ளினால் நெஞ்சுக்கும் கைக்கும் வேலை நடக்கும், முழங்கை தரையில் இடிப்பதால் தோள் அளவுக்கு மீறிப் பின்னால் போகாது. பிளாஸ்டிக் ஸ்டூலில் படுத்து மட்டும் தூக்கிவிடாதீர்கள். டி.வி.யில் காட்டுகிற வயிறு குறைக்கிற பெல்ட், மெஷின் எதுவும் வேண்டாம்.

வாரத்தில் எத்தனை நாள்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பலம் தருகிற பயிற்சி செய்ய வேண்டும் என்று. நான் மூன்று நாள் செய்கிறேன். உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, குனிந்து இழுப்பது, படுத்துத் தள்ளுவது, தலைக்கு மேல் தள்ளுவது. ஒவ்வொன்றும் மூன்று சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. மூன்று சுற்றிலும் 12 ஒழுங்காக வந்துவிட்டால் அடுத்த முறை எடை கூட்ட வேண்டும். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள், போன தடவை எவ்வளவு தூக்கினோம் என்பது ஞாபகத்தில் நிற்காது. மூச்சை அடக்கித் தூக்காதீர்கள், தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். பிரஷர் இருக்கிறவர்களும், பிரசவமாகிக் கொஞ்ச நாளே ஆனவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். என் அம்மாவுக்கு முட்டி வலி, அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலேயே ஆரம்பித்தார்.

பவுடர் டப்பா வாங்கக் காசு தேடாதீர்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 100 கிராம் மீல் மேக்கரில் 50 கிராம் அளவுக்கு இருக்கிறது. ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு தருகிறார்கள். காசிமேட்டு நெத்திலி இருக்கிறது.

கடைசியாகத் துரு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர், எங்கே வைத்தாலும் இரும்பைக் கடல் காற்று விடாது. மொட்டை மாடியில் செய்கிறவர்கள் முடிந்ததும் பிளேட்டைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். வியர்வை பட்ட ராடை அன்றைக்கே துடையுங்கள், வாரம் ஒருமுறை மரையில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். அடுத்த வாரம் எதிர்வீட்டுக் கொத்தனார் அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், சிமெண்ட் பிளேட்டை நேரில் வார்த்துக் காட்டுகிறோம். கூடவே வார்க்க நினைக்கிறவர்கள் ஒரே அளவில் இரண்டு டப்பாவும் பைப் துண்டும் எடுத்து வையுங்கள். வரட்டுமா மக்களே.