வாயும் வயிறும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் ஒரு பெண் கருவுற்றிருந்தால் ‘வாயும் வயிறுமாக இருக்கிறாள்’ என்று சொல்வோம். அதே வாயும் அதே வயிறும் ஒரு பழமொழியிலும் வருகின்றன. ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.’ பாகப்பிரிவினையிலிருந்து கைமாற்றுக் கடன் வரைக்கும் இந்தப் பழமொழியை இழுத்துப் பேசுகிறோம். வளர்ந்தவர்கள் விஷயத்தில் அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருடம் வீடு வீடாக நடந்தவள் நான். கருத்தரித்த நாளிலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது முடியும் வரை, அந்த ஆயிரம் நாட்களுக்கு, தாய்க்கும் பிள்ளைக்கும் வாய் வேறு இல்லை, வயிறும் வேறு இல்லை என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு வீடு. விழுப்புரம் மாவட்டத்தில் நான் பார்த்த கிராமங்களில் ஒன்று. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போடுவோம். பதினான்கு மாதப் பெண் குழந்தை ஒன்று மூன்று மாதமாக ஏழு கிலோவிலேயே நின்றது. எடை அட்டையில் மேலே ஏற வேண்டிய கோடு படுத்துக்கிடந்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, தாய்ப்பாலும் குடிக்கிறது. “என்னம்மா கொடுக்கிறாய்?” என்று கேட்டால், “நாங்கள் சாப்பிடுவதையெல்லாம் கொடுக்கிறேன், நர்சம்மா” என்றாள். வீட்டில் கறவை மாடு இருந்தது, நான்கைந்து கோழிகள் இருந்தன. எதைக் குறை என்று எழுதுவது?

ஒரு சனிக்கிழமை மதியம் அந்த வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். முதலில் மாமனாரும் கணவரும் மூத்த பையனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு முட்டை வேகவைத்திருந்தார்கள். மாமியார் பூக்கட்டும் நூலில் ஒரு துண்டை எடுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு நுனியைக் கையால் இழுத்துப் பிடித்து, முட்டையை அதில் வைத்து அழகாக இரண்டாக அறுத்தார். மஞ்சள் கரு சிதறவே இல்லை. மாமனாருக்குப் பாதி, மகனுக்குப் பாதி, வளர்கிற பையன் என்று பேரனுக்கு இரண்டு பாதி. பிறகு மாமியார் சாப்பிட்டார். பாத்திரம் ஒதுக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மருமகள் உட்காரும்போது மணி மூன்றரை. குழம்புச் சட்டியில் அடியில் ஒட்டியதுதான் மிச்சம். சோற்றை அந்தச் சட்டியிலேயே போட்டு வழித்துப் பிரட்டி, மேலே ரசம் ஊற்றிக்கொண்டாள். குழந்தை தவழ்ந்து வந்து மடியில் ஏறியது. அவளுக்கு ஒரு வாய், குழந்தைக்கு ஒரு வாய்.

‘நாங்கள் சாப்பிடுவதையெல்லாம் கொடுக்கிறேன்’ என்று அவள் சொன்னதில் பொய்யே இல்லை. குழந்தை அவளுடைய தட்டில்தான் சாப்பிட்டது. அந்தத் தட்டில் சட்டி வழித்த சோறும் ரசமும்தான் இருந்தன. கோழியும் மாடும் அந்த வீட்டில் இருந்தன, அவள் தட்டுக்கு வரவில்லை. அதனால் குழந்தையின் வாய்க்கும் வரவில்லை. அதுவரை நான் என் குறிப்பேட்டில் குழந்தை என்ன சாப்பிட்டது என்று மட்டுமே எழுதிவந்தேன். அன்றிலிருந்து அம்மா என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்பதையும் கேட்டு எழுதத் தொடங்கினேன்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. வங்கதேசம், வியட்நாம், எத்தியோப்பியா ஆகிய மூன்று நாடுகளில் தாய்மாரின் உணவையும் அவர்களுடைய குழந்தைகளின் உணவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. மூன்றும் வேறு வேறு சமையல், வேறு வேறு மண். ஆனால் மூன்றிலும் தாய் பலவகை உணவு சாப்பிட்ட வீட்டில்தான் குழந்தையும் பலவகை உணவு சாப்பிட்டது.

நம் மாநிலத்தின் நிலையைச் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். அகில இந்திய அளவில் அது 35.5 சதவீதம் என்பதால், நாம் முன்னேறியிருக்கிறோம் என்று சொல்லலாம். மாதாமாதம் எடை போட்டு, கோடு சரிகிற குழந்தையை உடனே பிடிக்கும் முறையை 1980-லேயே ஊட்டச்சத்துத் திட்டமாகத் தொடங்கிய மாநிலம் இது. ஆனால் இரத்தசோகையில் அந்தப் பெருமை நிற்கவில்லை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றரை மணித் தட்டுதான் நினைவுக்கு வருகிறது.

குழந்தை தன் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டிய இரும்புச்சத்தில் பெரும்பகுதியைக் கருவில் இருக்கும்போதே, முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், தாயிடமிருந்து வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கையிருப்பு குறைவாகப் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு முன்பே அது தீர்ந்துபோகும். அதற்குத்தான் கர்ப்பிணிக்கு தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, நூற்றெண்பது நாளைக்குக் கொடுக்கிறோம். நான் கொடுத்த மாத்திரைகள் எத்தனையோ வீடுகளில் பரண் மேலும் டிவி பெட்டிக்குப் பின்னாலும் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டால் மலம் கறுக்கும். அதைப் பார்த்துவிட்டு, குழந்தையும் கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொல்லிவிடுவார்கள். மலம் கறுப்பது, உடம்பில் சேராமல் வெளியேறும் இரும்புச்சத்தால். குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் சேர்த்துப் போடவேண்டாம். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் நன்றாகச் சேரும்.

கர்ப்ப காலத்தில் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 350 கலோரி தேவை. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்கு 600 கலோரி, ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. நடப்பது என்ன? ‘அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும்’ என்று பயந்து, ஏழாம் மாதத்துக்குமேல் தாங்களாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வளைகாப்பன்று ஏழு வகைச் சாதம் கட்டி ஊட்டுகிறோமே, புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் என்று. பிள்ளை சுமப்பவளுக்குப் பலவகை உணவு வேண்டும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒருநாள் கவனிப்பு மறுநாளும் தொடர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அங்கன்வாடியில் தருகிற சத்துமாவையும் வீடு முழுவதற்கும் கொழுக்கட்டை பிடித்துப் பங்கு போட்டுவிடுகிறார்கள். சுமப்பவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கொழுக்கட்டை.

இனி, தாய்ப்பால். இதில் பெண்களுக்கு இருக்கும் குற்ற உணர்வை முதலில் போக்க வேண்டும். ‘நான் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் என் பால் சத்தில்லை’ என்று சொல்லிப் பால் பவுடருக்குப் போய்விடுகிறார்கள். அப்படி இல்லை. மெலிந்த தாயின் பாலிலும் புரதமும் கால்சியமும் அநேகமாக அதே அளவுதான் இருக்கும். தாயின் எலும்பிலிருந்து எடுத்தாவது உடம்பு பாலில் சேர்த்துவிடும். இழப்பு தாய்க்குத்தான். ஆனால் தாய் சாப்பிட்டால்தான் பாலுக்கு வருகிற சத்துகளும் சில உண்டு. வைட்டமின் ஏ, அயோடின், பி1, பி12 ஆகியவை அப்படிப்பட்டவை.

பி12 பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் வெளியே பார்த்தால் தெரியாது. அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் இருக்கிறது, கீரையிலும் பருப்பிலும் இல்லை. சைவ உணவு மட்டும் சாப்பிட்டு, பாலையும் தயிரையும் மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டுத் தான் மோர்த்தண்ணீரோடு முடித்துக்கொள்கிற தாயின் குழந்தை, பால் மட்டுமே குடித்து மொழுமொழு என்றுகூட இருக்கலாம். ஆனால் வெளிறியிருக்கும். விரல் கணுக்கள் கறுத்திருக்கும். தலைமுடி பழுப்பாக, மெல்லியதாக இருக்கும். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்தும், நிமிர்ந்த தலை மறுபடி தொங்கும், சில குழந்தைகளுக்குக் கை நடுங்கும். இதைக் கண்டால் ஒருநாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பி12 கொடுத்தால் குணமாகக்கூடியது இது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

பத்தியத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் பால் சுறா புட்டும் கருவாடும் கொடுக்கிற வழக்கத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். சுறாவில் நல்ல புரதம் இருக்கிறது. ஆனால் ‘தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்’ என்று தாகத்தோடு கிடக்க வைப்பதும், குளிர்ச்சி என்று பழமும் காயும் கீரையும் நாற்பது நாள் காட்டாமல் இருப்பதும் தவறு. பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும்.

அம்மா சாப்பிடுவது பிள்ளையின் நாக்கையும் பழக்குகிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுத்த முதல் மாதங்களிலோ சில தாய்மார் கேரட் சாறு குடித்தார்கள், சிலர் தண்ணீர் மட்டும். பிறகு குழந்தைகளுக்குக் கேரட் கலந்த கூழ் ஊட்டியபோது, கேரட் சுவையைத் தாய்வழியே அறிந்த குழந்தைகள் முகம் சுளித்தது குறைவு. பனிக்குட நீரிலும் பாலிலும் தாய் உண்டதன் வாசனை இறங்குகிறது. முருங்கைக்கீரைப் பொரியலைக் கண்டாலே ஒதுக்குகிற அம்மா, பிள்ளை கீரை தின்ன மாட்டேன் என்கிறது என்று என்னிடம் வந்து வருத்தப்படும்போது நான் இதைத்தான் சொல்வேன்.

ஆறு மாதம் முடிந்ததும் ஊட்டத் தொடங்குகிறோம். பருப்புத் தண்ணீர், ரசத்துத் தண்ணீர், காய் வேகவைத்த தண்ணீர். தண்ணீர் வயிற்றை நிரப்பும், எடையைக் கூட்டாது. பருப்பையே மசித்துக் கொடுங்கள், ஒரு சொட்டு நெய்யோ எண்ணெயோ விட்டு, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில். அரிசிச் சோறு மட்டுமே வீட்டில் இருந்தால் போதாது. நூறு கிராம் அரிசியில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகில் பாலைப்போல மூன்று மடங்கு கால்சியம். அம்மா கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சாப்பிடுகிற வீட்டில் குழந்தைக்கென்று தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

இப்போது இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. நான் முன்பு சொன்ன தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் ஒல்லியானவர்கள் 12.6 சதவீதம்தான், அதிக எடை உள்ளவர்கள் 40.4 சதவீதம். இரத்தசோகை மட்டும் பெரிதாகக் குறையவில்லை. காலையில் சமைத்துக் கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும். அந்த டீயில் தோய்த்த பிஸ்கட் மடியில் இருக்கும் குழந்தைக்கும். சாயங்காலம் ஐந்து ரூபாய் பாக்கெட் இருவருக்கும். நேரத்துக்கு ஒரு தட்டு சாப்பாடு கிடைக்காதவள் கைக்கு எட்டியதைத் தின்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த விழுப்புரத்து வீட்டுக்குத் திரும்ப வருகிறேன். நான் பேசியது மருமகளிடம் இல்லை, மாமியாரிடம். கொடுமைக்காரி இல்லை அவர், பேத்தியின் மேல் உயிரையே வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எனக்கும் என் மாமியார் கடைசியில்தான் போட்டார்கள். அது தப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை, நர்சம்மா” என்றார். உட்காரும் வரிசையை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. சமையல் இறங்கியதும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், மருமகளுக்கு உரிய குழம்பும் காயும் முட்டையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அதை அவரே செய்தார். எடுத்து வைப்பது தன் பொறுப்பு என்று ஆனதும், யாரும் அந்தக் கிண்ணத்தைத் தொட அவர் விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து எடை போட்டபோது குழந்தை ஏழு கிலோ அறுநூறு கிராம். மருமகள் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அட்டையில் நான் புள்ளி வைத்துக் கோடு இழுத்ததும், மாமியார் அதை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கோடு மேலே திரும்பியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

நன்றி. வணக்கம்.