அலைக்கு முன்னால் வரவேண்டிய செய்தி

(மட்டக்களப்பில் ஒரு வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது. அவசரத்தில் விட்டுப்போன இரண்டொரு விஷயத்தை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குத் தந்த தலைப்பு பெரியது: சர்வதேச ஒத்துழைப்பும் உலக சமாதானமும். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் முதலில் சொல்கிற ஒரு பழைய வரி இருக்கிறது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கு அதற்கு ஓய்வு கொடுப்போம். ஜெனீவாவையும் இப்போதைக்கு விடுவோம். நான் நம்முடைய ஊர்க் கடற்கரையில், கல்லடியிலிருந்து தொடங்குகிறேன்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயாவும் (பௌர்ணமி விடுமுறை) கூட. நம்முடைய அன்றைய நேரப்படி காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு மேற்கே கடலுக்கடியில் நிலம் உடைந்தது. சுனாமி அலை இந்தக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எங்கள் வீட்டில் இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, இரண்டு தரம் தேத்தண்ணியும் குடித்தாயிற்று. நாவலடியிலிருந்து கல்லடிப் பாலத்துக்கு நடந்தே வந்துவிடலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கிழவியைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு இடத்தில் நின்று வெற்றிலையும் போட்டுக்கொண்டு வந்தாலும் நேரம் மிச்சம்.

உலகத்தில் ஒருவருக்குமே தெரியாதா? தெரியும். ஹவாயில் இருக்கிற பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் முதல் அறிவித்தலை விட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றது. அது சரிதான், அவர்களுடைய கரைகளுக்கு ஆபத்தில்லை. நடுக்கத்தின் உண்மையான பருமன் பிறகு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. தெரிந்தபோது, இந்து சமுத்திரக் கரையில் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று ஒரு பட்டியல் அவர்களிடம் இல்லை. இங்கே கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில், உலக வலைப்பின்னலோடு சேர்ந்த நிலநடுக்கக் கருவி ஒன்று இருந்தது. அதைப் பார்த்து, 'கடற்கரையை விட்டு எழும்புங்கோ' என்று சொல்ல நாட்டில் ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை.

அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில்... நான் நீட்டவில்லை. முன்வரிசையில் இருக்கிற இரண்டு பேருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இதற்கு மேல் எண் சொல்ல முடியாது.

இதில் நீதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். 1960இல் சிலியில் பூமி அதிர்ந்தது. அலை பசிபிக்கைத் தாண்டி அடுத்த நாள் ஜப்பானில் ஆட்களைக் கொன்றது. ஐந்து வருஷத்தில், 1965இல், யுனெஸ்கோவின் கீழ் பசிபிக் நாடுகள் சேர்ந்து ஓர் எச்சரிக்கை அமைப்பை உண்டாக்கிவிட்டன. நமக்கு அது இன்னும் நாற்பது வருஷம் கழித்துத்தான் வந்தது, அதுவும் இத்தனை சாவுக்குப் பிறகு. அந்தச் சமுத்திரத்தின் கரையில் அமெரிக்காவும் ஜப்பானும் இருந்தன. நம்முடைய கரையில் நாம் இருந்தோம். அலைக்கு வித்தியாசம் தெரியாது, கருவி வாங்குகிற காசுக்குத் தெரியும்.

அந்தப் பசிபிக் அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பனிப்போர் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அதில் உறுப்பினர்கள். ஒருவரை நோக்கி ஒருவர் ஏவுகணையைத் திருப்பி வைத்துக்கொண்டு, கடல்மட்டம் எத்தனை சென்றிமீற்றர் ஏறியது என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டார்கள். இன்றைக்கு இந்து சமுத்திர அமைப்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் அப்படித்தான் இருக்கின்றன. எல்லையில் சுட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் ஹைதராபாத்தில் இருக்கிற மையத்தின் அறிவித்தல் கராச்சிக்கும் போகும். அணுகுண்டு வெடிப்பைப் பிடிப்பதற்கு 1996 அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தின் கீழ் உலகம் முழுக்க வைத்த நிலநடுக்க, கடலொலிக் கருவிகளின் தரவும் 2004க்குப் பிறகு சுனாமி மையங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை, கருவிகள் மட்டும் வேலை செய்கின்றன! இலங்கை அதை உறுதிப்படுத்தியது 2023இல்.

சரி, இதெல்லாம் நமக்கு உதவியதா? 2012 ஏப்ரல் 11ஐ நினைத்துப் பாருங்கள். சித்திரை வருஷத்துக்கு இரண்டு நாள். பின்னேரம் இரண்டு மணி கடந்து சுமாத்திராப் பக்கம் 8.6 பருமனில் நடுக்கம். இந்த முறை செய்தி அலைக்கு முன்னால் வந்தது. நான் மாமியாரைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்தேன். புதுப்பாலம் அப்போது திறக்கவில்லை. பழைய ஒடுங்கிய பாலத்தில் ஆட்டோவும், மோட்டார் சைக்கிளும், வருஷத்துக்கு எடுத்த உடுப்புப் பையோடு ஒரு குடும்பமும். மாமியார் பலகாரச் சட்டியை இறக்காமல் வந்துவிட்டதாகப் புலம்பிக்கொண்டே வந்தா. அன்றைக்கு நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. திரும்பிப் போனபோது சட்டி கரியாகிக் கிடந்தது. அதற்காக ஒருத்தரும் அழவில்லை.

இதைத்தான் நான் ஒத்துழைப்பு என்கிறேன். நமக்குப் பழக்கமான சொல் நிவாரணம். கூடாரம், அரிசி, பெயர் எழுதிய பலகை, படம் எடுக்கிற வெள்ளைக்காரர். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்த அரிசியை நானும் சாப்பிட்டேன். ஆனால் நிவாரணம் செத்தவனுக்குப் பிறகு வருகிறது. தகவல் முன்னால் வரும், வரிசையில் நின்று கும்பிட்டு வாங்கவும் வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சிலருக்குக் கசக்கும். அதே காலை, அதே அலை, சுமாத்திராவின் வடமுனையில் இருக்கிற அச்சேயை நம்மைவிட மோசமாக அடித்தது. அங்கேயும் உள்நாட்டுப் போர். 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில், பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி நடுவில் இருக்க, இந்தோனேசிய அரசும் அச்சே விடுதலை இயக்கமும் கையெழுத்துப் போட்டன. இங்கேயும் நடுவில் நோர்வே இருந்தது. அதே வருஷம் ஜூனில் அரசும் புலிகளும் உதவியைச் சேர்ந்து பங்கிட ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். அதிகம் இழந்த மாவட்டம் அம்பாறை, ஆனால் கையெழுத்திட்டவர்களில் முஸ்லிம்கள் இல்லை. ஜூலையில் உயர் நீதிமன்றம் முக்கியமான பகுதிகளை நிறுத்திவைத்தது. அப்புறம் யுத்தம். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் சவூதிக் காசில் கட்டிய 500 வீடுகள், எந்த இனத்துக்கு எத்தனை என்ற வழக்கில் மாட்டி, வருஷக் கணக்காகப் பற்றை மூடிக் கிடந்தன. வெளியில் இருந்து வந்த கை இரண்டு இடத்துக்கும் நீண்டது. இங்கே தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று நாம் மூன்று பேரும் ஒரு பாயில் உட்காரவில்லை. நோர்வேயைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன்.

கடைசியாக, சுனாமி மிதவை. ஆழ்கடலில் அடித்தளத்தில் ஓர் அமுக்கமானி கிடக்கும். மேலே ஒரு பெரிய மிதவை அது சொல்வதைச் செய்மதிக்கு அனுப்பும். உலகம் எங்கும் இவற்றுக்குப் பெரிய எதிரி புயல் மட்டுமல்ல, மீன்பிடிப் படகுகளும்தான். மிதக்கிற எதன் கீழும் மீன் கூடும், படகு கட்டுவார்கள், கயிறு இழுத்துக் கம்பி அறும். 2018இல் இந்தோனேசியாவின் பாலு நகரில் அலை அடித்தபோது அந்த நாட்டின் மிதவைகள் பல வருஷமாகச் செயலிழந்து கிடந்தன. பராமரிக்கக் காசில்லாததும் காரணம், சேதப்படுத்தியதும் காரணம்.

இதை நான் ஒரு தரம் வாழைச்சேனையில் பலநாள் படகுக்காரர் சிலரிடம் சொன்னேன். பின்னால் இருந்த ஒருத்தர் எழும்பி, "மஞ்சளா, மேல லைட்டோட இருக்கிறதா சேர்? அதில நாங்க ஒரு ராத்திரி கட்டிக் கிடந்தமே. நல்ல சூரை பட்டது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அப்ப அத எங்களுக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?" என்று கேட்டார்.

அடுத்த கிழமை மிதவையின் படம் ஒன்றை அச்செடுத்து அவர்களுடைய சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டினோம். போன மாதம் போனபோதும் இருந்தது. ஓரத்தில் யாரோ ஐஸ் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.