தாய் கூப்பிடுகிற சத்தம்

வணக்கம் நேயர்களே.

இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தைரொயிட் கூடிப்போச்சுது" என்று கவலைப்படுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். தாளில் டி.எஸ்.எச். என்கிற ஓமோன் 12 என்று இருக்கும். மேல் எல்லை ஏறக்குறைய 4. எண் கூடித்தான் நிற்கிறது. ஆனால் அநேகமாகச் சுரப்பி குறைவாகத்தான் வேலை செய்கிறது.

படலைக்கு வெளியே பிள்ளை விளையாடுகிறது. குசினிக்குள் இருந்து தாய் கூப்பிடுகிறா. முதல் தரம் மெதுவாக. பிள்ளை வரவில்லை. அடுத்த தரம் கொஞ்சம் உரத்து. பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளை வந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. வராதபடியால்தானே சத்தம்! டி.எஸ்.எச். அந்தத் தாயின் குரல். மூளைக்கு அடியில் கடலையளவில் இருக்கிற கபச்சுரப்பி அதைச் சுரக்கிறது. பிள்ளை, கழுத்தின் முன்பக்கத்துத் தைரொயிட் சுரப்பி. அந்தச் சுரப்பி தருகிற ஓமோனான தைரொக்சின் போதியளவு வந்தால் குரல் தணியும். அளவுக்கு மிஞ்சி வந்தால் குரல் அடங்கியே போகும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், உடம்பு மெலியும். திரும்பவும் சொல்கிறேன்: டி.எஸ்.எச். கூடினால் தைரொக்சின் குறைவு, டி.எஸ்.எச். குறைந்தால் தைரொக்சின் அதிகம். பெரும்பாலும் இதுதான் கணக்கு.

குறைவுக்குத் தருவது தைரொக்சின் குளிசை. எங்கள் வீடுகளில் பிழை விடுகிற இடம் காலைத் தேத்தண்ணி. கண் விழித்ததும் தேத்தண்ணி, அதோடு குளிசை. தேத்தண்ணியும் கோப்பியும் பாலும் மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம் பொறுத்துத் தேத்தண்ணி, பிறகு பிட்டோ இடியப்பமோ. இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரண்டும் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரு கையில் கொட்டி ஒன்றாக விழுங்க வேண்டாம். தைரொக்சின் எடுக்கிறவர் கர்ப்பமானால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பலருக்கு மருந்தின் அளவைக் கூட்ட வேண்டிவரும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அந்த ஓமோன் தேவை.

இன்னொன்று, பொறுமை. இரத்தத்தில் தைரொக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் எடுக்கும். அளவை மாற்றினால் 6 முதல் 8 கிழமை கழித்துத்தான் டி.எஸ்.எச். சரியான நிலையைக் காட்டும். பத்தாம் நாள் சோதித்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள்.

தைரொக்சினைச் செய்ய அயடின் வேண்டும், அதனால் உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆனையிறவு உப்பளம் பக்கத்தில்தானே, கடலுப்பில் அயடின் இருக்கும் என்று நினைப்பது பிழை. கடலுப்பில் இயற்கையாக உள்ள அயடின் மிகச் சொற்பம், சேர்த்தால்தான் உண்டு. இலங்கையில் 1995 முதல் அது சட்டம். அந்த உப்பைத் திறந்த சிரட்டையில் அடுப்பங்கரையில் வைத்தால் ஈரமும் சூடும் அயடினைப் போக்கிவிடும். மூடி வையுங்கள், கறி இறக்குகிற நேரம் போடுங்கள்.

இன்சுலினுக்கும், சிறுநீரகங்களுக்கு மேல் இருக்கிற அதிரினல் சுரப்பிக்கும் குறிப்பு வைத்திருந்தேன், நேரம் முடிகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இழுப்பு என்கிற ஆஸ்துமாவுக்கோ மூட்டு வருத்தத்துக்கோ பிரெட்னிசலோன் குளிசையை 3 கிழமைக்கு மேல் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. அதிரினல் சுரக்கிற ஓமோனைப் போன்றது இந்தக் குளிசை; வெளியிலிருந்து அது வந்துகொண்டிருந்தபடியால் கபச்சுரப்பி கூப்பிடுவதை நிறுத்தியிருக்கும், அதிரினலும் உறங்கிப் போயிருக்கும். அதிரினல் எழும்பக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள் கூட எடுக்கும். வைத்தியர் சொல்கிற மாதிரிப் படிப்படியாகக் குறையுங்கள். நன்றி, வணக்கம்.