வயலினைப் பாட வைத்த என். ராஜம்

[திரையில்: மடியில் வயலினோடு மேடையில் அமர்ந்திருக்கும் ராஜம்]

ஹிந்துஸ்தானி வயலின் என்றதும் வடக்கே முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று, கர்நாடக இசைக் குடும்பத்தில் 1938இல் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணுடையது. டாக்டர் என். ராஜம். முதல் குரு அப்பா நாராயண ஐயர். வயலின் மேதை டி.என். கிருஷ்ணன் இவருடைய அண்ணன்.

கர்நாடக வயலினில் தேர்ந்த பிறகு இவர் ஹிந்துஸ்தானி இசை கற்க ஓம்கார்நாத் தாகூரிடம் போனார். தாகூர் வயலின் வாசிப்பவர் அல்ல, பாடகர். அப்புறம் எப்படி வயலின் கற்பது? குரு பாடுவதைக் கேட்டு, அதைத் தந்தியில் தானே தேடி எடுக்க வேண்டும். பாடகர் பாடி முடிக்கும் முன்பே அவரைத் தொட்டுவிடும் பக்கவாத்தியக் காது இங்கே பெரிய துணை.

[திரையில்: இடது கை விரல்கள், நெருக்கமாக]

ஆனால் கையை மாற்றியாக வேண்டும். கர்நாடக இசையில் பழகிய விரல், ஸ்வரத்தைத் தொட்டதுமே அசைக்கப் பார்க்கும். ஹிந்துஸ்தானியின் முக்கியப் பாட்டு வடிவமான கயாலில் பல இடங்களில் ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீளமாக வழுக்கிப் போக வேண்டும். அந்த வழுக்கலைத்தான் ‘மீண்ட்’ என்கிறார்கள். நம் ஊர் உட்காரும் முறை இதற்கு நன்றாகவே உதவுகிறது. வயலினின் தலை வலது கணுக்காலில், மறுமுனை இடது தோளருகே. வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாததால் இடது கை தந்தி நெடுக ஓடலாம்.

இதைவிடக் கடினம் வலது கை. பாடகருக்கு மூச்சு எப்படியோ வயலினுக்கு வில் அப்படி. தவறான இடத்தில் வில் திரும்பினால், பாடகர் வார்த்தையின் நடுவே மூச்சு வாங்கியது மாதிரி வாக்கியம் உடைந்துவிடும். ராஜத்தின் விளம்பித கயாலை, அதாவது மெதுவான கயாலைக் கேளுங்கள், வில் எங்கே திரும்புகிறது என்றே பிடிபடாது. பாடுவது போலவே வாசிக்கும் இந்த முறைக்கு காயகி அங்கம் என்று பெயர். அதை இந்த அளவுக்குக் கொண்டுபோன வயலின் கலைஞர்கள் மிகக் குறைவு.

[திரையில்: காசி இந்துப் பல்கலைக்கழக வளாகம்]

இத்தனைக்கும் நடுவே, சுமார் நாற்பது ஆண்டுகள் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்திருக்கிறார். பேராசிரியர், துறைத் தலைவர், இசைப் புலத்தின் தலைவர் என்று பல பொறுப்புகள். கற்பிப்பது கச்சேரிக்கான நேரத்தைத் தின்றுவிடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதச் சம்பளம் உள்ள கலைஞர், கூட்டத்துக்காகத் தன் இசையை வளைக்க வேண்டியதில்லை. அதோடு, தன் கைக்குத் தானாக வருவதை மாணவருக்கு விளக்கும்போது அதை முதல்முறையாகப் பிரித்துப் பார்க்கிறார். கிருஷ்ணனும் இதே வழியில் போனவர்தான். 1980இல் சங்கீத கலாநிதி பெற்ற அவர், டெல்லிப் பல்கலைக்கழக இசைப் புலத்திற்குத் தலைமை வகித்தவர்.

ராஜத்திற்கு 2004இல் பத்மபூஷண் கிடைத்தது. மகள் சங்கீதா சங்கர், பேத்திகள் ராகிணி, நந்தினி மூவருமே அவரிடம் கற்ற வயலின் கலைஞர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? அண்ணனும் தங்கையும் சேர்ந்து வாசித்த ஜுகல்பந்தியைத் தேடிப் பிடியுங்கள். ஒரே தகப்பனிடம் கற்ற இரண்டு கைகள், ஒன்று கர்நாடகம், ஒன்று ஹிந்துஸ்தானி. ஒரே ஸ்வரத்தில் அண்ணன் கொடுக்கும் அசைவையும் தங்கை நிறுத்தும் நேரத்தையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.