சொத்தா, சுற்றமா? ஜாவா கிராமத்தில் கை கொடுப்பது சொத்துதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் கிராமத்து விவசாயிக்குக் கடைசிவரை கை கொடுப்பது சொத்தா, சுற்றமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் சுற்றம்தான் என்று பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அழகாகத்தான் பேசினார். வீட்டு வாசலில் ஒரு சின்ன டப்பா தொங்கும், அதில் ஒரு பிடி அரிசி போட்டு வைப்பார்கள், ராத்திரி காவல் சுற்றி வருகிறவர்கள் அதை எடுத்து ஊர்ப் பொதுவில் சேர்ப்பார்கள், ஜிம்பித்தான் என்று பெயர், எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்றார். கைதட்டல் வேறு! நானும் தட்டினேன். ஆனால் ஐயா, ஒரு பிடி அரிசியை டப்பாவில் போடுவதற்கும் அறுவடையில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதற்கும் நடுவில் ஒரு வயல் கிடக்கிறதே, அது யார் பெயரில் இருக்கிறது? அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கோத்தோங் ரோயோங், அதாவது ஊர் கூடி உழைப்பது, அதை மூச்சுக்கு மூச்சு சொன்னார். சரி, கூடுகிற அந்த ஊரில் எல்லோரும் ஒன்றா? பழைய ஜாவா கிராமத்தில் வயல், வீடு, வீட்டுத் தோட்டம் மூன்றும் இருப்பவன்தான் முழுக் குடி. தோட்டம் மட்டும் உள்ளவன் ஒரு படி கீழே. அடுத்தவன் தோட்டத்தில் குடிசை போட்டுக்கொண்டு, கூப்பிட்ட வேலைக்கெல்லாம் ஓடுகிறவனுக்கு மாகெர்சாரி என்று பெயர். லூரா எனப்படும் ஊர்த் தலைவருக்குச் சம்பளமே பெங்கோக் என்ற வயல்தான். தலைவருக்கே நிலத்தைக் கொடுத்துத்தான் மரியாதை செய்தார்கள் என்றால் மற்றவர்கள் கதையை நான் சொல்ல வேண்டுமா? அறுவடைக்கு முன்னால் பாசெக்லிக் என்ற பஞ்ச மாதங்கள் வருமே, அப்போது தோட்டக்காரன் தன் மரவள்ளியைப் பிடுங்கித் தின்பான், தேங்காயைப் பறிப்பான், மூங்கிலை வெட்டி விற்பான். குடிசைக்காரன் கேட்டுத்தான் பறிக்கணும்.

(இடையில் ஒரு தகவல். நம் ஊர்ச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தாரே காலின் மெக்கன்சி, அவரும் 1811இல் ஆங்கிலேயப் படையோடு ஜாவாவுக்குப் போனார். போன இடத்தில் அவர் தலைமையில் ஒரு குழுவே போட்டு, இங்கே நிலம் யாருக்குச் சொந்தம் என்று விசாரிக்கச் சொன்னார்கள். ஊரைப் பிடித்தவன் முதலில் கேட்ட கேள்விகளில் ஒன்று அதுதான், உங்கள் சொந்தபந்தம் எப்படி என்பது அல்ல.)

இப்போது அறுவடைக்கு வருகிறேன், எதிரணிக்கு இங்கேதான் பலம் என்று நினைக்கிறார்கள். பாவோன் என்று ஒரு வழக்கம். நெல் விளைந்துவிட்டால் ஊர்ப் பெண்கள் யார் வேண்டுமானாலும் வயலில் இறங்கலாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற அனி-அனி என்ற சின்னக் கத்தியால் கதிர் கதிராக அறுப்பார்கள், அறுத்ததில் ஒரு பங்கு அவர்களுக்கு. வந்தவளை வேண்டாம் என்று சொன்னால் வயல்காரனுக்குத்தான் அவமானம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்தப் பங்கிலும் நெருங்கிய உறவுக்கு ஒரு அளவு, தூரத்து ஆளுக்கு அதைவிடக் குறைவு என்று இருந்தது, அது போகட்டும். 1970களில் என்ன ஆச்சு? பசுமைப் புரட்சி வந்தது, குட்டை ரக நெல் வந்தது, விளைச்சல் கூடியது. அதுவரை பெருந்தன்மையாக இருந்த வயல்காரர், பயிர் நிற்கும்போதே மொத்தமாக ஒரு வியாபாரிக்கு விற்க ஆரம்பித்தார். தெபாசான் என்கிறார்கள். வியாபாரி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அரிவாளோடு வந்து அறுத்துக்கொண்டு போய்விடுவார். பக்கத்து வீட்டு அம்மா கத்தியோடு வரப்பில் வந்து நின்றால், "நான்தான் விற்றுவிட்டேனே, இப்போது இது என் பயிர் இல்லையே" என்று சொல்லிவிடலாம். முகமும் கெடாது, பங்கும் கொடுக்க வேண்டாம். அதே சமயம் ஊருக்கு ஊர் அரவை மில் வந்து, கூலிக்கு நெல் குத்திக்கொண்டிருந்த பெண்களின் பிழைப்பும் போனது. காலங்காலமாக வந்த வழக்கம் என்றார்களே, வயல்காரருக்குக் கணக்கு மாறியதும் அது எத்தனை ஊரில் நின்றது? அறுவடை உரிமை விட்டுப்போகக் கூடாதே என்று நடவையும் களையெடுப்பையும் சம்பளமே இல்லாமல் செய்து கொடுத்தவர்களும் உண்டு, அதற்குக் கெடோக்கான் என்று பெயர். இதையும் கூட்டுறவு என்பீர்களா?

அடுத்து ஞும்பாங். கல்யாணம், காதுகுத்து மாதிரி அங்கே சுன்னத்து, எல்லாவற்றுக்கும் மொய். நம் ஊர் மொய் நோட்டு மாதிரியே யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதி வைப்பவர்கள் அங்கேயும் உண்டு, வாங்கியதைத் திருப்பி வைத்தாக வேண்டும். விசேஷ மாதம் வந்தால் வயல்காரர் நெல்லை விற்று வைப்பார். நிலமில்லாதவன் ஆட்டை விற்கணும், இல்லாவிட்டால் கடன் வாங்கணும். அந்த ஆடும் முழுசாக அவனுடையது என்று சொல்ல முடியாது, பணக்காரர் வாங்கிக் கொடுத்ததை வாரத்துக்கு வளர்த்து, குட்டியில் பாதி எடுத்துக்கொள்கிற ஏற்பாடாக இருக்கும். ஆக, சுற்றத்தை வைத்துக்கொள்ளவே சொத்து வேண்டியிருக்கிறது, ஐயா.

"சண்டை சச்சரவு இல்லாத ஒற்றுமை, ருக்குன்" என்றும் ஒரு போடு போட்டார். 1960இல் இந்தோனேசிய அரசு நிலச் சட்டங்கள் போட்டது. மக்கள் நெருக்கம் மிக அதிகமான இடங்களில் நஞ்சைக்கு 5 ஹெக்டேர் உச்சவரம்பு, வாரத்துக்கு உழுகிறவனுக்கு நியாயமான பங்கு. சட்டம் காகிதத்தில் தூங்கியது. 1963-64இல் மத்திய ஜாவாவின் கிளாத்தென் மாதிரியான இடங்களில் நிலமில்லாதவர்கள் தாங்களே வயலில் இறங்கினார்கள். அந்தப் பகை அடங்கும் முன்பே 1965 வந்தது. மத்திய, கிழக்கு ஜாவாவில் கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்து நடந்த படுகொலைகளை ராணுவம் முன்னின்று நடத்தியது, அரசியல் பெரிய காரணம், எல்லாம் நிலத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள், பழைய நிலத் தகராறுகளும் அதில் கலந்திருந்தன. ருக்குன் அன்றைக்கு எங்கே இருந்தது?

சுற்றமே போதும் என்றால் ஜாவாக்காரன் ஊரை விட்டு ஏன் போனான்? 1890இலிருந்து தென் அமெரிக்காவின் சுரினாம் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். 1905இல் மத்திய ஜாவாவின் கெடு பகுதியிலிருந்து 155 குடும்பங்களைச் சுமத்ரா தீவின் லாம்புங்கில் குடியேற்றினார்கள். அவர்களை இழுத்தது எது? அங்கே நிலம் கிடைக்கும் என்ற பேச்சுதான்.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் எதைக் கையில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கிழக்கு ஜாவாவில் தூபான் மாவட்டத்துச் சுமுர்கெனெங் கிராமம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காக நிலத்தை விற்ற பணத்தில் 2021 பிப்ரவரியில் ஊரே கார் வாங்கியது, நூற்றுக்கும் மேல் என்றார்கள், புதுக் கார்கள் லாரியில் வந்து இறங்கிய வீடியோவை நாமெல்லாம் பார்த்தோம். அடுத்த வருஷமே வேலை கேட்டுப் போராட்டம். இருந்த மாடுகளில் சிலவற்றை விற்றுத்தான் சாப்பிடுகிறேன் என்று ஒரு பெரியவர் சொன்னது செய்தியானது. பார்த்தீர்களா, சொத்து கைவிட்டது என்று சொல்லப்போகிறார். அட, அவர்கள் சொத்தை எங்கே வைத்திருந்தார்கள்? விற்றுவிட்டார்களே! மக்காச்சோளம் விளைந்த நிலம் இருந்த வரைக்கும் அந்தப் பெரியவர் மாட்டை விற்கவில்லை. காருக்கு டயர் தேயும், வயல் தேயாது.

பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை, ஒரு வார்த்தை மட்டும். ஜாவாவில் மகளுக்கும் பங்கு உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து சம்பாதித்தது கோனோ-கினி, பிரிந்தால் அதில் மனைவிக்கும் பாத்தியம். தன் பெயரில் துண்டு வயல் இருக்கிறவளை விரட்டிவிட முடியுமா? பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து நிலம் கீற்றாகிப் போகிறது என்பது உண்மைதான், அது நிலம் போதாததன் தொல்லை.

நடுவர் அவர்களே, அரை ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்கள் இந்தோனேசியாவில் 2013 கணக்கெடுப்பில் 1.42 கோடி. 2023இல் 1.69 கோடி. பெரும்பாலும் ஜாவாவில். அவர்களில் யாரையாவது கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள். அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் எனக்கு ஒரே கேள்வி, வேறு எதற்கும் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை: வியாபாரியின் ஆட்கள் அரிவாளோடு வயலில் இறங்கியபோது, அனி-அனியோடு வரப்பில் நின்ற அந்த அம்மாவுக்காக உங்கள் சுற்றத்தில் எத்தனை பேர் வந்து நின்றார்கள்?

நன்றி, வணக்கம்.