ஏப்ரல் 1942: கப்பல்கள் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்

(குன்னூரில் பள்ளி மாணவர்கள் கூடிய வாசகர் கூட்டத்தில் பேசியது)

தம்பி தங்கைகளே, என் மகள் படித்துக்கொண்டிருந்த ஒரு நாவலை, அவள் தூங்கினதுக்கு அப்புறம் எடுத்து விடிய விடிய படித்து முடித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லர் ஜெயித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அந்த ஆட்சிக்குள்ளேயே இருந்து எதிர்த்து நிற்கிற இளவட்டங்களின் கதை. மாற்று வரலாறு என்று இதைச் சொல்வார்கள். நடந்ததில் ஒரே ஒரு முடிச்சை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் நேர்மையாக நெய்துகொண்டு போக வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் ராணுவத்தை எதிர்ப்பார்களா என்று கேட்காதீர்கள். டென்மார்க்கில் ஆல்போர்க் ஊர்ப் பள்ளிப் பையன்கள் ஜெர்மன் படையின் துப்பாக்கிகளைத் திருடி, 1942 மே மாதம் பிடிபட்டார்கள். மியூனிக்கில் துண்டறிக்கை போட்ட குற்றத்துக்காக 1943 பிப்ரவரி 22 அன்று கொல்லப்பட்ட சோஃபி ஷோலுக்கு வயது 21.

சரி, நம்ம மலையில் வைத்து இப்படி ஒன்று எழுதினால்?

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையில். சென்னையில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கடற்கரையை விட்டுத் தள்ளியிருந்த ஊர்கள் பக்கம் ஓடினார்கள். அப்புறம் அந்த விமானங்களை ஏற்றி வந்த ஜப்பான் கப்பல்படை திரும்பிப் போய்விட்டது. நான் மாற்றிப் போடுகிற முடிச்சு அதுதான். அவர்கள் திரும்பவில்லை, இறங்கிவிட்டார்கள், மேட்டுப்பாளையம் வரை வந்துவிட்டார்கள். அடுத்து எதைப் பிடிப்பார்கள்? அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியை, வெலிங்டன் ராணுவ முகாமை, இரண்டுக்கும் ஏறிப் போகிற நம் மலை ரயிலை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பல்சக்கரத்தால் பிடித்துப் பிடித்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், பெட்டிக்கு ஒருவராக பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டுவார், நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அந்த பிரேக்ஸ்மேன் ஒருவரின் பதினாறு வயது மகள்தான் என் கதாநாயகி. ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கம் எந்த வளைவில் எத்தனை மணிக்குப் பனி இறங்கும் என்று வந்திறங்கிய எந்தப் படைக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

ஆனால் அவள் யாரை எதிர்ப்பாள்? ஐரோப்பாவில் நடக்கிற கதைக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. இங்கே ஏற்கெனவே வெள்ளைக்காரன் உட்கார்ந்திருக்கிறான், 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத் தளத்துக்குத் தீ வைத்தவர்கள் நம் கோவைப் பக்கத்து மக்கள்தான். 1943இல் ஜப்பானோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்க்க நேதாஜி அமைத்த ஜான்சி ராணி பெண்கள் படையில், மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் கேப்டன் லட்சுமியின் கீழே துப்பாக்கி தூக்கினார்கள். அந்தப் படையோடு இவளுடைய அத்தை மகள் மலை ஏறி வந்து எதிரே நின்றால் இவள் கொடியைப் பச்சையாகக் காட்டுவாளா, சிவப்பாகக் காட்டுவாளா? இந்த இடத்தில் நழுவுகிற நாவல் எனக்கு வேண்டாம், இதை நேராகப் பார்க்கிற நாவல்தான் வேண்டும்.

ஏனென்றால் அதே காலத்தில், அதே மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பான் படை சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனது. சுமார் 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் நம் ஆட்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். கங்காணி ஆள் பிடித்து ஒருத்தனை அங்கே ரப்பருக்கு அனுப்பினார், இன்னொருத்தனைத் தேயிலைக்கு அனுப்பினார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தமானை ஜப்பான்காரர்கள் 1942 மார்ச்சிலேயே பிடித்துவிட்டார்கள். அங்கே டாக்டர் திவான் சிங்கைச் சித்திரவதை செய்தார்கள், 1944 ஜனவரியில் அவர் இறந்தார். ஆகவே நாம் வெறுங்கையில் கற்பனை செய்ய வேண்டியதில்லை, நம் சொந்தக்காரர்களுக்கு நடந்ததை மலைமேல் ஏற்றி வைத்துப் பார்க்கிறோம்.

இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேர் வீட்டில் பெரியவர்கள் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அந்த ஏப்ரலில் குண்டு விழுந்த தீவில்தான் அவர்களைப் பெற்றவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு ராத்திரி போய்க் கேளுங்கள்: விளக்கை அணைக்கச் சொன்னார்களாமா, அரிசி கிடைத்ததாமா, யார் திரும்பி வரவில்லையாம் என்று. நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் முதல் அத்தியாயத்தைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.